குக்கரை ஏன் உடனே திறக்கக் கூடாது? – அழுத்தக் காற்றும் பாலம் கட்டியவர்களும்

அடுப்பை அணைத்த உடனே பிரஷர் குக்கரைத் திறக்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். தீ அணைந்துவிட்டது, கேஸ் மூடியாகிவிட்டது. ஆனால் உள்ளே அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது. அது மெதுவாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் சாதம் கூரையில் ஒட்டும், கையும் முகமும் வெந்து போகும்.

கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்கள் இன்று முதலில் சொல்லித் தரும் பாடமும் இதுதான். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் ஆபத்து போய்விடாது. மின்சாரம், நீராவி, அழுத்தக் காற்று, ஹைட்ராலிக் எண்ணெய், உயரத்தில் தொங்கும் பாரம் என்று எங்கெல்லாம் சக்தி தேங்கி நிற்கிறதோ, அதையெல்லாம் முறையாக வெளியேற்றிய பிறகே மனிதன் கை வைக்க வேண்டும்.

இந்தப் பாடம் புத்தகத்தில் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றின் அடியில் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய கூலித் தொழிலாளர்களின் உடம்பில் எழுதப்பட்டது. அங்கே குக்கர் என்பது ஒரு பெரிய மரப்பெட்டி. அதற்குள்ளே இருந்தவர்கள் மனிதர்கள்!

தண்ணீருக்கு அடியில் தோண்டுவது எப்படி?

ஆழமான ஆற்றின் நடுவே தூண் எழுப்ப வேண்டுமானால், ஆற்றுப்படுகையின் சேறும் மணலும் தாண்டிக் கெட்டியான தரை வரை போக வேண்டும். தண்ணீரை இறைத்து மாளாது. இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் கைசன்.

ஒரு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் நேராக அமுக்கிப் பாருங்கள். டம்ளருக்குள் இருக்கும் காற்று தண்ணீரை உள்ளே விடாது. கைசனும் அப்படித்தான். அடிப்பக்கம் திறந்த ஒரு பிரம்மாண்டமான பெட்டியை ஆற்றின் தரையில் உட்கார வைத்து, அதற்குள் பம்ப் மூலம் காற்றை அழுத்தி ஏற்றுவார்கள். வெளியே உள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக உள்ளே காற்றின் அழுத்தம் இருந்தால் தண்ணீர் நுழையாது. தொழிலாளர்கள் உள்ளே இறங்கி, மண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே அனுப்புவார்கள். பெட்டியின் மேலே கருங்கல்லை அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்தப் பாரத்தில் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கெட்டித் தரையைத் தொட்டதும் பெட்டியின் உள்ளே கான்கிரீட்டை நிரப்பிவிடுவார்கள். அதுவே தூணுக்கு அஸ்திவாரம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீரில் ஒவ்வொரு 33 அடி ஆழத்துக்கும் (சுமார் 10 மீட்டர்) ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.7 பவுண்டு கூடிக்கொண்டே போகும். 66 அடி ஆழத்தில் வேலை செய்பவர், நாம் சுவாசிப்பதைப் போல மூன்று மடங்கு அழுத்தமுள்ள காற்றைச் சுவாசிக்கிறார்.

இந்தப் பெட்டிக்குள் போகவும் வரவும் ஒரு சின்ன இரும்பு அறை தேவை. அதற்கு ஏர் லாக் என்று பெயர். இரண்டு கதவுகள் இருக்கும். ஆள் உள்ளே வந்ததும் வெளிக்கதவை மூடி, வால்வைத் திறந்து அழுத்தக் காற்றை விடுவார்கள். காது வலிக்கும், எச்சிலை விழுங்கிக்கொள்ள வேண்டும். அறையின் அழுத்தமும் கைசனின் அழுத்தமும் சமமானதும் உள்கதவு திறந்து கொள்ளும். வெளியே வரும்போது இதற்கு நேர் எதிர். அழுத்தம் சமமாகாத வரை எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் கதவு அசையாது. காற்றே அதற்குப் பூட்டு!

கதவுக்கு இப்படி ஒரு பூட்டு இருந்தது. ஆனால் மனித உடம்புக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. அதுதான் பிரச்சினை.

பிரான்சில் தொடங்கிய கதை

அழுத்தக் காற்றையும் ஏர் லாக்கையும் கொண்டு நீருக்கு அடியில் வேலை செய்யலாம் என்று 1830இல் காப்புரிமை வாங்கியவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி தாமஸ் காக்ரேன். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ழாக் ட்ரிஜே. லுவார் ஆற்றுப் படுகையின் அடியில் இருந்த நிலக்கரியை எடுக்க, 1839இல் ஷாலோன் என்ற ஊரில் ஓர் இரும்புக் குழாயை இறக்கி அழுத்தக் காற்றை ஏற்றினார்.

1841இல் அவர் தந்த அறிக்கையில் வேடிக்கையான செய்திகள் இருந்தன. உள்ளே விசில் அடிக்க முடியவில்லை, மெழுகுவர்த்தி வேகமாக எரிந்து தீர்ந்துவிடுகிறது! கூடவே ஒரு சின்னக் குறிப்பும் இருந்தது. ஏழு மணி நேரம் உள்ளே இருந்த இரண்டு தொழிலாளர்களுக்கு வெளியே வந்த பிறகு கை கால் மூட்டுகளில் கடுமையான வலி வந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1854இல் போல், வாட்டெல் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். இரண்டு முக்கியமான உண்மைகளைக் கண்டார்கள். ஒன்று, உள்ளே இருக்கும் வரை யாருக்கும் எதுவும் ஆவதில்லை, ஆபத்து முழுவதும் வெளியே வரும்போதுதான். இரண்டு, வலியால் துடிப்பவரை மறுபடியும் அழுத்தக் காற்றுக்குள் கொண்டு போனால் வலி குறைந்துவிடுகிறது.

நோயும் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது! ஆண்டு 1854. ஆனால் இந்தச் செய்தி வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடையில் போன உயிர்களின் கதைதான் அடுத்து வருவது.

மிசிசிப்பியின் அடியில்...

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் பாலம் கட்டும் பொறுப்பை ஏற்றவர் ஜேம்ஸ் ஈட்ஸ். மூழ்கிய கப்பல்களில் இருந்து சரக்கை மீட்கும் தொழில் செய்து பணம் சேர்த்தவர். மணி போன்ற கூண்டில் இறங்கி ஆற்றின் தரையிலேயே நடந்து பார்த்தவர். அந்த ஆற்று மணல் நிலையில்லாதது, வெள்ளத்தில் அடியோடு அரித்துப் போகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பாறை வரை போயே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். கிழக்குத் தூணுக்குப் பாறை 90 அடிக்கும் கீழே இருந்தது.

1869 அக்டோபரில் வேலை தொடங்கியது. 60 அடி தாண்டியதும் தொழிலாளர்கள் சிலருக்குக் கால் மரத்துப் போயிற்று, மூட்டு வலித்தது. முதலில் அது கேலிப் பொருளாகத்தான் இருந்தது. வலியால் முன்பக்கமாக வளைந்து நடந்தவர்களைப் பார்த்து, அந்தக் காலத்து நாகரிகப் பெண்கள் வளைந்து நடக்கும் பாணியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். பெண்ட்ஸ் என்று இந்த நோய்க்குப் பெயர் வந்தது அப்படித்தான். வளைவு என்று பொருள்.

1870 மார்ச்சில் சிரிப்பு நின்றுவிட்டது. 19ஆம் தேதி ஒரு தொழிலாளி இரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு மேலே வந்தார். நன்றாக இருப்பதாகச் சொன்னார். கால் மணி நேரத்துக்குள் சுருண்டு விழுந்து இறந்தார். அடுத்த சில நாட்களில் மேலும் பலர் இறந்தார்கள்.

ஈட்ஸின் குடும்ப மருத்துவர் அல்ஃபோன்ஸ் ஜாமினெட் தொழிலாளர்களைக் கவனிக்க நியமிக்கப்பட்டார். அவர் தாமே கீழே இறங்கி 2 மணி 45 நிமிடம் இருந்தார். மேலே வரும்போது ஏர் லாக்கில் இருந்த நேரம் மூன்றரை நிமிடம் மட்டுமே! வீட்டுக்குப் போனதும் கை கால் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார். நல்லவேளையாகச் சில நாட்களில் தேறினார்.

இவ்வளவு பட்ட பிறகும், காரணம் களைப்புதான் என்றே அவர் பெரிதும் நம்பினார். வேலை நேரத்தை நான்கு மணியில் இருந்து படிப்படியாக ஒரு மணி நேரம் வரை குறைக்கச் செய்தார். நல்ல சாப்பாடு, கட்டாய ஓய்வு என்று விதித்தார். தொழிலாளர்களோ துத்தநாகமும் வெள்ளியும் சேர்த்துச் செய்த பட்டைகளைத் தாயத்து மாதிரி கையிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நேரத்தைக் குறைத்தது ஓரளவு உதவியது. தாயத்து உதவவில்லை. 1874 ஜூலை 4 அன்று பாலம் திறக்கப்பட்டது. அதற்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயால் மாண்டிருந்தார்கள்.

புரூக்ளின் பாலம்: மூன்று பாடங்கள்

அதே நேரத்தில் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் 1869இல் படகுத்துறையில் கால் நசுங்கி, தசைவலிப்பு ஜன்னி கண்டு இறந்துபோனார். மகன் வாஷிங்டன் ரோப்ளிங் தலைமைப் பொறியாளர் ஆனார்.

புரூக்ளின் பக்கத்துக் கைசன் 168 அடி நீளம், 102 அடி அகலம். மரத்தால் ஆன ஒரு தெரு என்றே சொல்லலாம். தேங்கிய சக்தி என்றால் என்ன என்று அந்தப் பெட்டி மூன்று விதமாகப் பாடம் நடத்தியது.

முதல் பாடம் வெடிப்பு. தோண்டிய மண்ணை வெளியே எடுக்கக் கைசனின் கூரையில் பெரிய குழாய்கள் இருந்தன. அவற்றுக்கு மூடி கிடையாது. குழாயில் நிற்கும் தண்ணீரின் எடைதான் உள்ளே இருக்கும் காற்றைத் தடுத்து நிறுத்தியது. 1870இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் நீர் மட்டம் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் வெளியே பீறிட்டது. தண்ணீர், சேறு, கல் எல்லாம் சுமார் 500 அடி உயரத்துக்குப் பறந்ததாகப் பதிவு இருக்கிறது. விடுமுறை நாள் என்பதால் உள்ளே யாரும் இல்லை. இதை விபத்து என்று சொல்வதே தவறு, எல்லாம் தானாக நடந்துகொள்ளும் என்று நினைத்த மிதமிஞ்சிய நம்பிக்கையின் விளைவு இது என்று ரோப்ளிங் தம் அறிக்கையில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார்.

இரண்டாம் பாடம் தீ. 1870 டிசம்பர் முதல் தேதி இரவு, கூரை மரத்தின் இடுக்கில் ஒரு மெழுகுவர்த்தியின் சுடர் பற்றிக்கொண்டது. அழுத்தக் காற்றில் ஆக்ஸிஜன் அதிகம். அதோடு காற்று மரத்தின் இடுக்கு வழியே மேலே போகப் பார்க்கும், தீயையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். வெளியே ஒன்றுமே தெரியாமல் கூரையின் உள்ளுக்குள் அடுக்கடுக்காக மரம் கனன்றது. ரோப்ளிங் இரவெல்லாம் உள்ளேயே நின்று போராடினார். கடைசியில் கைசன் முழுவதையும் தண்ணீரால் நிரப்பித்தான் தீயை அணைக்க முடிந்தது. கரியான மரத்தைச் சுரண்டி எடுத்து, சிமெண்ட் வைத்து அடைக்கப் பல வாரங்கள் ஆயின.

மூன்றாம் பாடம்தான் மிகக் கொடியது. அது நியூயார்க் பக்கத்துக் கைசனில் காத்திருந்தது.

ஐந்து நிமிடம் போதுமா?

நியூயார்க் பக்கம் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருந்தது. ஆழம் கூடக் கூட நோயும் கூடியது. 1872இல் மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் வேலைக்கு அமர்த்தப்பட்டார். வெறும் வயிற்றோடு இறங்காதே, வெளியே வந்ததும் சூடான காபி குடி, மதுவைத் தவிர், எட்டு மணி நேரம் தூங்கு என்று அவர் விதிகள் போட்டார். 110 நோயாளிகளைப் பற்றிக் குறித்து வைத்தார். கைசன் நோய் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

வெளியே வரும்போது அவசரம் கூடாது என்பதையும் அவர் புரிந்துகொண்டிருந்தார். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் வீதம் ஏர் லாக்கில் இருக்க வேண்டும் என்றார். இன்றைய கணக்கில் அதுவே மிக மிகக் குறைவு. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைக்கூட யாரும் பொறுக்கவில்லை. வேலை முடிந்து, சேறும் வியர்வையுமாக, குளிரில் நடுங்கிக்கொண்டு ஓர் இரும்புப் பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்? வால்வைத் திருகிச் சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்பதும் வேலை நேரம் எத்தனை என்பதும் தொழிலாளிக்கு உயிர்ப் பிரச்சினை என்று நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை.

1872 ஏப்ரல் 22 அன்று ஒரு தொழிலாளி இறந்தார். எட்டு நாளில் இன்னொருவர். மே மாதத் தொடக்கத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது நான்கு மணி நேர வேலைக்கு நாளுக்கு 3 டாலர். கிடைத்தது 2.75 டாலர். உயிருக்குக் கால் டாலர் பேரம்!

அப்போது கைசன் 70 அடியைத் தாண்டியிருந்தது. பாறை ஒரே மட்டமாக இல்லை, சில இடங்களில் 100 அடிக்கும் கீழே இருந்தது. அதுவரை போனால் இன்னும் எத்தனை பேர் சாவார்கள்? ரோப்ளிங் கணக்குப் போட்டுப் பார்த்தார். கீழே இருந்த மணலும் சரளையும் காலம் காலமாக அசையாமல் இறுகிக் கிடப்பதைக் கண்டார். 1872 மே 18 அன்று, 78 அடி 6 அங்குல ஆழத்தில், தோண்டியது போதும் என்று உத்தரவிட்டார். பாலத்தின் அந்தக் கோபுரம் இன்றும் மணலின் மேல்தான் நிற்கிறது! ஒரு பொறியாளர் எடுத்த முடிவுகளில் இது மிகத் துணிச்சலானது. ஆபத்தான சக்தியைக் கட்டுப்படுத்தும் முதல் வழி அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே என்று இன்றைய பாதுகாப்புப் பாடங்கள் சொல்கின்றன. அவர் அன்று செய்தது அதைத்தான்.

ஆனால் அவரால் தம்மைக் காத்துக்கொள்ள முடியவில்லை. நோயால் தாக்கப்பட்டு, 1872இல் படுத்தவர் பல ஆண்டுகள் வேலைத் தளத்துக்கே வரவில்லை. வீட்டு ஜன்னலில் இருந்து தொலைநோக்கியால் பாலத்தைப் பார்த்தபடி குறிப்புகள் சொன்னார். மனைவி எமிலி அவற்றைத் தளத்துக்குக் கொண்டுபோய் வேலையை நடத்தினார். 1883 மே 24 அன்று பாலம் திறக்கப்பட்டது.

ஒரு செய்தி மனதை உறுத்துகிறது. வேலை முடிந்த பிறகு 1873இல் வெளியான தம் அறிக்கையில், நோயாளியை உள்ளே வைத்து மறுபடி அழுத்தம் ஏற்ற ஓர் இரும்பு உருளை வேண்டும் என்று ஸ்மித் யோசனை சொல்லியிருந்தார். புரூக்ளினில் அது ஒரு முறைகூடச் செய்து பார்க்கப்படவில்லை.

கோலி சோடாவும் இரத்தமும்

அப்படியானால் உண்மையான காரணம்தான் என்ன? 1878இல் பால் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பதில் சொன்னார்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி அடைத்திருக்கும் வரை பாட்டிலுக்குள் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். கோலியைத் தட்டியதும் புஸ்ஸென்று குமிழி குமிழியாகப் பொங்கும். அழுத்தத்தில் நீரில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் வெளியே வருகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் கூடினால் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் மற்ற திசுக்களிலும் கூடுதலாகக் கரையும். ஆள் மெதுவாக வெளியே வந்தால் கரைந்தது எல்லாம் நுரையீரல் வழியாக மூச்சோடு போய்விடும். சட்டென்று வந்தால் உடம்பே திறந்த சோடா பாட்டில்தான். குமிழி மூட்டில் நின்றால் வலி. முதுகுத்தண்டில் நின்றால் கால் விளங்காது. இதயத்தையோ நுரையீரலையோ அடைத்தால் மரணம். பால் பெர் நாய்களை அதிக அழுத்தத்தில் வைத்துச் சட்டென்று அழுத்தத்தை இறக்கிப் பார்த்து, இறந்த நாய்களின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகளைக் கண்டறிந்தார். மெதுவாக இறக்கு, வலித்தால் மறுபடி ஏற்று என்பதே அவர் சொன்ன தீர்வு.

அதாவது, பொறியாளர்கள் ஆபத்து பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் தொழிலாளி அதைத் தன் இரத்தத்திலேயே வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனார்!

ஹட்சன் ஆற்றில் ஓர் இரும்பு உருளை

நியூயார்க்கின் மறுபக்கம் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 1874இல் ஒரு ரயில் சுரங்கப்பாதை தொடங்கப்பட்டது. 1880 ஜூலை 21 அன்று காற்று பிய்த்துக்கொண்டு வெளியேறி, மண் சரிந்து 20 பேர் இறந்தார்கள். நோயாலும் தொழிலாளர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். வேலை நின்று நின்று நடந்தது.

1889இல் எர்னஸ்ட் மோய்ர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் பொறுப்புக்கு வந்தார். வேலை செய்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 25 பேர் என்ற அளவில் மரணம் இருந்ததாக அவர் பின்னர் சொன்னார். அவர் செய்தது ஒரே ஒரு காரியம். கொதிகலன் போன்ற ஓர் இரும்பு உருளையைத் தளத்தில் படுக்க வைத்து, உள்ளே படுக்கைகள் போட்டு, அழுத்தக் காற்றுக் குழாயை இணைத்தார். வலியோடு வருபவரை உள்ளே படுக்க வைத்து அழுத்தத்தை ஏற்றி, பிறகு மிக மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு பவுண்டு அளவில் இறக்கினார்.

அடுத்த 15 மாதங்களில், 120 பேரில் இறந்தவர்கள் இரண்டே பேர்!

1854இல் இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்தது, 1873இல் ஸ்மித் கேட்டது, 1878இல் பால் பெர் நிரூபித்தது... எல்லாம் 1889க்குப் பிறகுதான் ஒரு தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றியது. அந்த உருளைக்கு ஆன செலவு, பாலத்தின் செலவில் ஒரு துளி.

ஹால்டேனின் ஆடுகள்

எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சரியான கணக்கைத் தந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவரும் இரண்டு துணைவர்களும் ஆடுகளை இரும்பு அறையில் வைத்துச் சோதனை செய்தார்கள். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொள்ளும், அதைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். 1908இல் முடிவுகள் வெளியாயின. மொத்த அழுத்தத்தைப் பாதியாக உடனே குறைக்கலாம், அதற்கு மேல் படிப்படியாக நிறுத்தி நிறுத்தியே இறக்க வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை அழுத்தத்தில் எத்தனை நேரம் இருந்தால் எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அட்டவணையே போட்டார்கள். அதுவரை வால்வு தொழிலாளியின் பொறுமையின் கையில் இருந்தது. இனி அட்டவணையின் கையில்.

அதற்காக ஆபத்து ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. நியூயார்க்கின் கிழக்கு ஆற்று ரயில் சுரங்க வேலையில் 3,692 பேருக்கு நோய் கண்டதாகவும் 20 பேர் இறந்ததாகவும் 1909இல் வந்த மருத்துவ அறிக்கை சொல்கிறது. 1916 பிப்ரவரியில் அதே ஆற்றின் அடியில் காற்று ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறியபோது, அது மூன்று தொழிலாளர்களை ஆற்றுப்படுகை வழியே இழுத்து நீருக்கு மேலே வீசியது. இருவர் இறந்தனர். ஒருவர் உயிரோடு மிதந்தார்.

இந்தியாவிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1943இல் திறக்கப்பட்ட கல்கத்தா ஹௌரா பாலத்தின் கல்கத்தா பக்கத்து அஸ்திவாரத்தில், ஓடும் மணலைத் தடுக்கச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 பவுண்டு அழுத்தத்தில் காற்று ஏற்றப்பட்டது. அந்த வேலையில் சுமார் 500 தொழிலாளர்கள் ஈடுபட்டார்கள். ரோப்ளிங்கைச் சாய்த்த அழுத்தத்தைவிட இது அதிகம்.

பல ஆண்டுகள் கழித்து இன்னொரு உண்மை வெளிவந்தது. வலியே இல்லாமல் வீடு திரும்பியவர்களுக்கும் பின்னாளில் தோள், இடுப்பு எலும்புகள் உயிரற்று நொறுங்கின. அதனால் பிரிட்டனில் 1966இல் இன்னும் மெதுவாக இறக்கும் புதிய அட்டவணைகள் வந்தன. அவசரத்தின் கடனை எலும்பு பல ஆண்டுகள் கழித்தும் கட்டியிருக்கிறது.

ஒரு சின்ன அட்டை

அமெரிக்காவில் 1970இல் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989இல் இயந்திரங்களின் ஆபத்தான சக்தியைப் பூட்டி வைப்பதற்கான விதி வெளியானது. இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் சக்தி வரும் வழியைத் தன் சொந்தப் பூட்டால் பூட்டி, பெயர்ச்சீட்டு மாட்டி, தேங்கிய சக்தியை வெளியேற்றி, உண்மையிலேயே போய்விட்டதா என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரம், ஹைட்ராலிக், வெப்பம், ரசாயனம் ஆகியவற்றோடு அழுத்தக் காற்றும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த விதி கட்டுமானத் துறைக்குப் பொருந்தாது, கட்டுமானத்துக்குத் தனி விதிகள் இருக்கின்றன.

அந்தத் தனி விதிகளில் அழுத்தக் காற்று வேலைக்கென்றே ஒரு பகுதி உள்ளது. அவசர நேரம் தவிர 50 பவுண்டுக்கு மேல் அழுத்தம் கூடாது, மருத்துவ உருளை அருகில் இருக்க வேண்டும், அட்டவணைப்படிதான் அழுத்தத்தை இறக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அடையாள அட்டை தர வேண்டும். அவர் அழுத்தக் காற்றுத் தொழிலாளி, காரணம் தெரியாமல் மயங்கிக் கிடந்தால் உடனே இந்த முகவரியில் உள்ள மருத்துவ உருளைக்குக் கொண்டு செல்லுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். வேலை நேரத்தில் மட்டுமல்ல, வேலை முடிந்து வீட்டில் இருக்கும்போதும் அதை அணிந்திருக்க வேண்டும்.

தெருவில் தள்ளாடி விழும் கூலித் தொழிலாளியைப் பார்த்தால் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்றுதான் ஊர் சொல்லும். அந்த அட்டை இல்லாத காலத்தில் எத்தனை பேர் அப்படிக் கிடந்திருப்பார்கள்!

புரூக்ளின் பாலத்தில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. அதைக் கட்டியவர் என்று ரோப்ளிங்கின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அவர் காலத்தில் பம்ப் இருந்தது, வால்வு இருந்தது, கதவு இருந்தது. இல்லாமல் போனது இரண்டுதான்: ஒரு சரியான அட்டவணையும், அதன்படி காத்திருப்பதற்கான நேரமும். குக்கரின் ஆவி அடங்கும் வரை அடுப்படியில் காத்திருக்கத் தெரிந்த மனிதன், இன்னொரு மனிதனின் உடம்புக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டான்.